நிலத் தரகில் இறங்க விரும்பும் மகன்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பை வணிகவியல் பிரிவில் முடித்து, கல்லூரியில் சேர்ந்த ஓராண்டுக்குள் படிப்பை நிறுத்திவிட்ட தங்கள் மகன், கரூரில் தாய்மாமனுக்குத் தெரிந்த ஒருவரிடம் சேர்ந்து வீடு, மனை வாங்கல் விற்றல் தரகில் இறங்கப்போவதாகச் சொல்கிறார் என்றும், “புரோக்கர் ஆவதற்கா இவனை இவ்வளவு படிக்க வைத்தேன்” என்று நினைத்து இரவில் உறக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இந்தத் தொழிலுக்குப் பட்டம் வேண்டுமா என்பதும், இதை நம்பி ஒரு பையன் வாழ முடியுமா என்பதும் தங்கள் கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பட்டம் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சுவழக்கில் ‘ரெரா’ சட்டம், முகவருக்கு எந்தக் கல்வித் தகுதியையும் விதிக்கவில்லை. ஆனால் பதிவை விதித்திருக்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டிய ஒரு மனைப்பிரிவிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ விற்பனைக்கு உதவுகிற எவரும், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முகவராகத் தம்மைப் பதிந்து, பதிவு எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும் என்று பிரிவு 9 சொல்கிறது. பதியாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், விற்ற சொத்தின் மதிப்பில் 5 விழுக்காடு வரை அபராதம் ஏறும். பழைய வீட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்கும்போதும், வாடகைக்கு ஆள் பிடித்துத் தரும்போதும், விவசாய நிலம் கைமாறும்போதும் இந்தப் பதிவு கட்டாயமில்லை. அதனால்தான் தேநீர்க்கடை வாசலில் நின்றே தொழில் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்திலோ 2023 முதல் முகவர்கள் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதியாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். தங்கள் மகன் இன்று தொடங்கினால், பதிவு செய்துகொண்ட முகவராகவே வளர்வது என்று முடிவெடுத்துத் தொடங்கட்டும்.

இனி, வாழ முடியுமா என்பது. இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது என்பதைத் தாங்களும் அவரும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 30 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு முடிந்து, வாங்குபவர், விற்பவர் இருவரில் ஒருவர் தரும் கமிஷன் 1 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 30,000 ரூபாய் வரும். அதில் அவரை வைத்திருக்கும் பெரியவருக்குப் பாதி போய்விடக்கூடும். அந்த வீட்டைப் பத்துப் பேருக்குக் காட்டியிருப்பார். மூன்று பேர் விலை பேசியிருப்பார்கள். ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டு வங்கிக்கடன் கிடைக்கவில்லை என்று பின்வாங்கியிருப்பார். இதற்கிடையே பெட்ரோல், கைப்பேசி ரீசார்ஜ், மதியச் சாப்பாடு எல்லாம் கைக்காசு. ஆகவே குறைந்தது ஆறு மாதம் வருமானமே இல்லாமல் அவரைத் தாங்க வீட்டுக்கு இயலுமா என்பதுதான் தாங்கள் முதலில் யோசிக்க வேண்டியது. இயலாது என்றால், கட்டுமான நிறுவனங்களிலும் மனைப்பிரிவு நிறுவனங்களிலும் சிறிய நிலைச் சம்பளத்தோடு விற்பனைப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் குறைவானாலும் அங்கே ஓராண்டு இருப்பது நல்லது.

என்னிடம் இந்தத் தொழிலைப் பற்றிக் கேட்டு வரும் இளைஞர்களுக்கு நான் ஒரே ஒரு சோதனை வைப்பதுண்டு. பேச்சுத்திறமையைச் சோதிப்பதில்லை, அது இவர்களிடம் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சொத்தின் மேல் பதிவான கிரையம், அடமானம் முதலியவற்றை வரிசையாகக் காட்டும் வில்லங்கச் சான்று, இரண்டு பக்கத்தில் ஒன்றை மேசையில் வைத்து, “இந்தச் சொத்தை உங்கள் அம்மாவுக்கு வாங்குவீர்களா?” என்று கேட்பேன். சென்ற ஆண்டு வந்த ஒரு பையன் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கிரையம் இரண்டு முறை நடந்திருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். மூன்றாவது பதிவை விரல் வைத்துப் படிக்கச் சொன்னேன். அது ஓர் அடமானம். அதற்குப் பிறகு அடமானம் தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு எங்கே என்று கேட்டதும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. கடன் அடைந்திருக்கலாம், ரசீது பதியாமல் விட்டிருக்கலாம், அல்லது கடன் அப்படியே நிற்கலாம். எது என்று தெரியாமல் ஒருவரை முன்பணம் கொடுக்க வைப்பவர், பின்னால் அந்தக் குடும்பத்தின் வாசலை மிதிக்க முடியாது. தங்கள் மகனுக்கும் தெரிய வேண்டியது இதுதான். பட்டப்படிப்பு இதைக் கற்றுத் தருவதும் இல்லை.

ஓராண்டுக்கு அவர் கற்க வேண்டியவை பெரும்பாலும் காசில்லாமலே கிடைக்கும். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டா, ‘அ’ பதிவேடு (சர்வே எண்வாரியான நில விவரப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் வரைபடம்) ஆகியவற்றையும் அரசின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். பத்திரத்திலுள்ள நான்கெல்லையும் புலப்படமும் பொருந்துகின்றனவா, பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா அல்லது இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே கிடக்கிறதா, வாரிசுகள் எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும் என்றெல்லாம் பார்க்கப் பழக வேண்டும். 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி, 1 கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, ஆகவே ஐந்தரை சென்ட் ஏறக்குறைய ஒரு கிரவுண்ட் என்பது நாக்கு நுனியில் இருக்க வேண்டும். வாங்குபவருக்கு ஆகும் செலவையும் அவர் மறைக்காமல் சொல்ல வேண்டும்: தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் சேர்ந்து 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4-லிருந்து 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இதைக் கடைசி நாளில் சொல்லிப் பேரம் முறிந்த கதைகள் ஏராளம்.

மனைப்பிரிவு விற்கப் போனால் டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, சென்னைப் பகுதியானால் சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி, அதோடு ரெரா எண் இருக்கிறதா என்று கேட்காமல் ஒரு கல்லைக்கூடக் காட்டக் கூடாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது, அத்தகைய மனைகளை மட்டுமே நம்பியிருந்த முகவர்கள் ஒரே நாளில் வேலையற்றுப் போனார்கள். வாங்கியவர்களோ அவர்களைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு அத்தகைய மனைகளை அங்கீகரித்துக்கொள்ள வழி செய்யும் வரன்முறைத் திட்டத்தை அரசு கொண்டுவந்தபோதுதான் ஓரளவு வழி பிறந்தது.

தாயாகத் தாங்கள் உறுதியாக நிற்க வேண்டிய இடங்கள் சில உண்டு. வேலையில் சேர்க்க ‘டெபாசிட்’ கட்டச் சொல்லும் நிறுவனத்திலும், முதல் மனையைச் சொந்தக்காரர்களிடம் விற்றுக் காட்டு, பிறகு ஆள் சேர் என்று சொல்லும் நிறுவனத்திலும் சேர விடாதீர்கள். அங்கே தொழில் கற்க முடியாது, உறவுகளைத்தான் இழக்க நேரும். யாருடைய சொத்துக்கும் தன் பெயரில் பவர் பத்திரம், அதாவது உரிமையாளருக்குப் பதிலாகச் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், எழுதிக்கொள்ளத் தங்கள் மகன் சம்மதிக்கக் கூடாது. பவர் மூலமாகவே சொத்துரிமை மாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லியிருந்தும், இருபது வயதுப் பையன்களின் கையெழுத்தை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் எப்போதும் வாங்குபவரிடமிருந்து விற்பவரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும். சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. விற்பவர் சொன்ன விலைக்கு மேல் வைத்து, மிச்சத்தைத் தான் எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொழிலில் நெடுநாளாக இருக்கிறது. மாமாவின் நண்பர் அப்படிச் செய்கிறவரா என்று மாமாவிடமே நேராகக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். கமிஷன் எவ்வளவு, யார், எப்போது தருவது என்பதை ஒரு தாளிலாவது எழுதிக் கையெழுத்து வாங்கப் பையன் பழகட்டும். எங்கள் ஊரில் வீடு காட்டிக் கொடுத்த இளைஞர் ஒருவரைக் கழற்றிவிட்டு, விற்பவரும் வாங்குபவரும் தாங்களே பேசிமுடித்துப் பத்திரம் போட்டார்கள்; கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாததால் அவர் வெறுங்கையோடு நின்றார்.

படிப்பு முற்றிலும் போய்விட்டதே என்ற தங்கள் வருத்தத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. தொழில் செய்துகொண்டே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பட்டத்தைத் தொடரலாம். பேச்சைவிட அளவும் வரைபடமும் அவருக்குப் பிடிக்கிறது என்று தெரிந்தால், தொழிற்பயிற்சி நிலையங்களில் நிலஅளவையர், கட்டட வரைவாளர் ஆகிய ஈராண்டுப் பயிற்சிகள் இருக்கின்றன. நிலம் பற்றிய அறிவு அங்கேயும் வீணாகாது.

அடுத்த வாரம் அவரைத் தனியாகவே அனுப்பி வையுங்கள். வரும்போது தாங்கள் குடியிருக்கும் வீட்டின் மூலப்பத்திர நகலையும், அதே சர்வே எண்ணுக்கு அவரே இணையத்தில் எடுத்த வில்லங்கத்தையும் கொண்டு வரட்டும். நான் கேட்கப்போகும் முதல் கேள்வி, அந்த வீடு தங்கள் குடும்பத்துக்கு யாரிடமிருந்து, எந்த ஆண்டில், எந்தப் பத்திர எண்ணில் வந்தது என்பதுதான்.