அஞ்சு வருஷமும், அப்புறம் இன்னொரு அஞ்சு வருஷமுமா?

அண்ணாச்சி,

ஞாயிற்றுக்கிழமை குலசேகரத்திலிருந்து மகளோடு வந்துவிட்டுப் போனீர்கள். பேச்சில் விட்டுப்போனதை எழுதுகிறேன். "நீட்டில் கொஞ்சம் மார்க்தான் குறைஞ்சுபோச்சு, இன்னொரு தடவை எழுதினா கிடைச்சிரும். இவ என்னடான்னா ஆராய்ச்சிங்கா. படிப்பு அஞ்சு வருஷம், அப்புறம் பிஎச்டி இன்னொரு அஞ்சு வருஷமாம். டாக்டர்னா ஊர்ல சொல்லலாம், இதை என்னன்னு சொல்ல?" என்று கேட்டீர்கள். பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. நீங்கள் டீ குடிக்க இறங்கிப் போனபிறகுதான் வாயைத் திறந்தாள். காலையில் அம்மாவுக்கு விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகிறதாம். ரப்பர் பால் சிரட்டையைப் பிடித்தால் நழுவிவிடுகிறதாம். "சொந்த உடம்பே ஏன் சார் மூட்டைக் கடிக்குது?" என்றாள்.

முடக்குவாதம் என்று பெயர் சொல்லி நாம் நிறுத்திக்கொள்கிறோம். அவள் கேட்பது அதற்கு முந்தின கேள்வி. அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டவர்களுக்குத்தான் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது: மற்ற எல்லோருக்கும் ஏன் கடிக்காமல் இருக்கிறது? ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, பிறந்த சில நாளில் தைமஸ் சுரப்பி எடுக்கப்பட்ட எலிகளில் ஆரம்பித்தார். அந்த எலிகளின் நோய் எதிர்ப்புச் செல்கள் சொந்த உறுப்புகளையே தாக்கின. ஆரோக்கியமான எலியின் டி செல்களை (தைமஸில் முதிரும் எதிர்ப்புச் செல்கள்) ஏற்றியதும் நோய் வராமல் நின்றது. அப்படியானால் தாக்குகிறவற்றை அடக்கி வைக்கும் செல்லும் உள்ளே இருக்க வேண்டும். அப்படி ஒரு செல் உண்டு என்றாலே துறையில் முகம் சுளித்த காலம் அது. 1995இல்தான் அந்தச் செல்லை அடையாளம் காட்டினார். பரிசு வர இன்னும் 30 வருஷம்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், சகாகுச்சி முதலில் படித்தது டாக்டருக்குத்தான். அவரோடு பரிசு வாங்கிய மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும், அந்தச் செல்லுக்குப் பின்னால் இருக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவை 2001இல் கண்டுபிடித்தபோது அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். எம்பிபிஎஸ் வழியாகவும் இந்த இடத்துக்கு வரலாம், கம்பெனி வேலையிலிருந்தும் வரலாம். நீட்டா, ஆராய்ச்சியா என்று வீட்டில் நடக்கும் சண்டை பாதி தேவையில்லாதது.

எனக்கு இருக்கும் கவலை வேறு. அம்மாவைக் குணமாக்கிவிடலாம் என்ற எண்ணத்தோடு மட்டும் உள்ளே போகிற பிள்ளை இரண்டாம் வருஷமே சோர்ந்துபோகும். ஆய்வுக்கூடத்தில் தினசரி வேலை 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. பைப்பெட்டால் ஒவ்வொரு குழியாகச் சொட்டுவிட்டு, கழுவி, காத்திருந்தால், தேடும் பொருள் இருக்கும் குழியில் நீலம் வரும்; அமிலம் விட்டதும் மஞ்சளாகும். வராத நாளும் உண்டு. ஏன் வரவில்லை என்று திரும்ப முதலிலிருந்து. அதைச் சலிக்காமல் செய்வாளா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

காத்திருப்பது உங்களுக்குப் புதிதில்லை. ரப்பர் கன்று நட்டு 7 வருஷம் கழித்துத்தானே வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்தீர்கள்? அந்த 7 வருஷமும் உரச்செலவு உங்களுடையது. இங்கே நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிப் பிஎச்டி சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் வரும், வாடகைப்படி தனி. படித்து முடித்தபின் நிரந்தரப் பேராசிரியர் வேலைதான் கஷ்டம். இடம் குறைவு, நடுவில் சில வருஷம் வெளிநாட்டில் இருக்க வேண்டியும் வரலாம். இதை மறைக்க மாட்டேன். ஆனால் முடக்குவாதத்துக்குப் போடும் அடலிமுமாப் ஊசியின் நகல் மருந்தை 2014இல் அகமதாபாத் கம்பெனி ஒன்று இங்கேயே கொண்டுவந்தது. அந்த மாதிரி வேலைக்கும் ஆள் தேவை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சிக் கல்வி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடுங்கள். நம்ம பக்கத்தில் திருவனந்தபுரம் விதுராவில் ஒரு ஐசர் இருக்கிறது. ஆனால் ஏழு ஐசருக்கும் ஒரே தேர்வு, ரேங்கைப் பொறுத்து போபாலும் வரலாம், மொகாலியும் வரலாம். அதற்கு இப்போதே மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். கேள்வியில் கால்வாசி கணக்கு. நீட்டுக்கு மட்டும் படித்த பிள்ளைகள் அங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். கிடைக்காவிட்டால் உள்ளூரிலேயே பிஎஸ்சி விலங்கியலோ வேதியியலோ போதும். எம்எஸ்சிக்கு நல்ல இடம் பிடித்துக்கொள்ளலாம். பயோடெக் என்ற பெயருக்காக நன்கொடை கொடுத்து எங்கும் சேர்க்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படித் தோட்டத்தை அடமானம் வைத்தது. நான்கு வருஷத்தில் அந்தப் பையன் தட்டில் செல் வளர்க்கும் செல் கல்ச்சர் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

நீட்டையும் எழுதட்டும், இரண்டுக்கும் ஒரே வருஷம் போதும். பிளஸ் டூ முடித்து வருஷம் கூடினால் ஐசர் தேர்வு எழுத விட மாட்டார்கள், அதனால் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த வாரம் வரும்போது மார்க் ஷீட்டும், பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகமும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். முடிந்தால் அம்மாவும் வரட்டும். படி ஏற வேண்டாம், நான் கீழே வந்து பேசுகிறேன்.