பிரேக் பெடலில் கரையும் பெட்ரோல்: கேள்வி பதில்

பொள்ளாச்சியில் 22 ஆண்டுகளாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். மைலேஜ் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஈரோடு): அண்ணா, லிட்டருக்கு 22 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லி விற்றார்கள். எனக்கு 14தான் கிடைக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை, தம்பி. அந்த 22 சோதனைக்கூடத்தில் உருளைமேல் சக்கரத்தை ஓடவிட்டு எடுத்த கணக்கு. அங்கே வேகத்தடையும் இல்லை, குறுக்கே வரும் ஆடும் இல்லை. முதலில் உங்கள் 14 சரிதானா என்று பாருங்கள். பங்க்கில் பம்பு தானாக நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டிய பிறகு அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும். கடைக்கு 2 கிலோமீட்டர், திரும்பி 2 கிலோமீட்டர் என்பதே உங்கள் ஓட்டம் என்றால் 14 குறையே இல்லை. இன்ஜின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது.

கேள்வி (உடுமலை): வால்பாறையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்கிறார் என் மாமா. செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். நியூட்ரலில் வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்மேல் இறங்கும். அடிவாரத்தில் ஆழியாறு வருவதற்குள் கருகல் வாசனை வரும். அதற்குப் பிறகும் மிதித்துக்கொண்டே இருந்தால் பெடல் இருக்கும், பிடிப்பு இருக்காது.

பெட்ரோலும் மிச்சமாகாது. மாமா சொல்வது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியர் விழுந்திருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் கம்ப்யூட்டர், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையே மூடிவிடும். அப்போது சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது; ஒரு சொட்டுப் பெட்ரோல் உள்ளே போவதில்லை. நியூட்ரலுக்கு மாற்றிய நொடியே, அணைந்துவிடாமல் இருப்பதற்காக இன்ஜின் மறுபடி குடிக்கத் தொடங்குகிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது உயிருக்கும் நல்லது, பெட்ரோலுக்கும் நல்லது.

கேள்வி (திருப்பூர்): சமவெளியில் எப்படி ஓட்டினால் மிச்சமாகும்?

பிரேக் மிதிப்பதை எண்ணிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை, ஒவ்வொரு மிதியிலும் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். 200 மீட்டர் தள்ளிச் சிவப்பு விளக்கு தெரிகிறதா? அங்கேயே காலை எடுத்துவிடுங்கள். கியரிலேயே உருண்டு போய்ச் சேரும்போது பல நேரம் பச்சை விழுந்திருக்கும்; இரண்டாம் கியரிலிருந்தே தொடரலாம். என் பட்டறைக்கு வரும் வாடகைக் கார் டிரைவர்களில், பிரேக் பேட் தேயாதவர்களே நல்ல மைலேஜும் சொல்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் இது மாறியதே இல்லை.

நெடுஞ்சாலையில் 80க்குப் பதில் 100இல் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். மேலே கேரியர் இருந்தால் இன்னும் கூடும். கழற்றி வையுங்கள்.

கேள்வி (தாராபுரம்): ஐயா, 17 கொடுத்த வண்டி மூன்று மாதத்தில் 13க்கு வந்துவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள்.

அம்மா, எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 விழுக்காடு கலந்தால் 17இல் ஒன்று, ஒன்றேகால் குறையலாம். நான்கு குறையாது. வண்டியில் வேறு எங்கோ கோளாறு இருக்கிறது.

இதே புகாரோடு ஓர் ஆசிரியர் வந்தார். வேறிடத்தில் ஸ்பார்க் பிளக் மாற்றி, இன்ஜெக்டர் சுத்தம் செய்து பணத்தைக் கரைத்திருந்தார். 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, நான்கு சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையை நீட்டினேன். முன்பக்க இடது சக்கரத்தில் மட்டும் அடுப்பு அனல். ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் அரைச் சுற்றுகூடப் போகவில்லை. பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிபர் நகர்வதற்கான பின் துருவேறி இறுகி, பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. பின்னைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி மாட்டியதும் சக்கரம் லேசாகச் சுழன்றது. உங்கள் வண்டியிலும் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தைத் தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும்.

கேள்வி (கோவை): சிக்னலில் இன்ஜினை அணைக்க வேண்டுமா?

அரை நிமிடத்துக்கு மேல் நிற்பதென்றால் அணையுங்கள். ஏசி ஓட நின்றுகொண்டே இருந்தால் சிறிய கார்கூட மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்கும்.

கேள்வி (பழனி): காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்குமா? பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டலாமா?

சூட்டில் பெட்ரோல் விரியும் என்பதால் வந்த பேச்சு இது. ஆனால் பங்க்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. காலையிலும் மதியத்திலும் அதன் சூடு பெரிதாக மாறுவதில்லை. காந்தம் வேண்டாம், அந்தப் பணத்தில் டயர் காற்றை அளக்கும் ஏர் கேஜ் வாங்குங்கள்.

கேள்வி (ஆனைமலை): டயரில் எவ்வளவு காற்றுப் பிடிக்க வேண்டும்?

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவுதான் உங்கள் வண்டிக்கு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. குடும்பத்தோடு, சாமான்களோடு போகும் நாளுக்கு அதே ஸ்டிக்கரில் தனி அளவு இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வண்டி எடுத்தவுடன், டயர் சூடாவதற்குமுன் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.