கதையில் காற்புள்ளி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எழுவாய்க்குப் பின்னால் எப்போதும் காற்புள்ளி போட வேண்டும் என்கிறார் என் நண்பர். சரியா?

பதில்: வேண்டியதில்லை. ‘கண்ணன், கடைக்குப் போனான்’ என்பதில் காற்புள்ளிக்கு வேலையே இல்லை. செய்தித்தாள் நடையில் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்த பழக்கம் அது. தமிழில் வேற்றுமை உருபும் (ஐ, கு போன்றவை) எச்சமும் (‘எழுந்து’, ‘வந்த’ போல முடியாமல் நிற்கும் வினை) உம்மையும் (‘உம்’) சொற்களைக் கோத்துவிடுகின்றன. நிறுத்தக்குறி இல்லாமலேதான் ஏட்டுச்சுவடிகளைப் படித்திருக்கிறார்கள். உருபு கைவிடும் இடத்தில்தான் காற்புள்ளி தேவை. ‘முருகன் செல்வி எழுதிய கடிதத்தைப் படித்தான்’ என்பதில் இரண்டு பெயர்கள் ஒட்டி நிற்பதால் வாசகர் தடுமாறுவார். ‘முருகன், செல்வி எழுதிய...’ என்று பிரிக்கலாம். ‘செல்வி எழுதிய கடிதத்தை முருகன் படித்தான்’ என்று எழுவாயை வினைக்கு அருகில் கொண்டுபோனால் குறியே வேண்டாம். இதுவே மேல்.

கேள்வி: ‘அழுதுகொண்டே ஓடிய குழந்தையைத் தூக்கினாள்’ என்று எழுதினேன். அழுவது தாய். படித்தவர்களோ குழந்தை அழுததாக நினைக்கிறார்கள்.

பதில்: அவர்கள் படித்தது சரிதான். ‘அழுதுகொண்டே’ போன்ற வினையெச்சம் அடுத்து வரும் வினையைத்தான் முதலில் பற்றும். இங்கே அது ‘ஓடிய’. ‘அழுதுகொண்டே, ஓடிய குழந்தையை...’ என்றால் பொருள் மாறும். ஆனால் வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு அந்தக் குறி தப்பிவிடும். ‘ஓடிய குழந்தையை அழுதுகொண்டே தூக்கினாள்’ என்று இடம் மாற்றுங்கள்.

‘வந்த’ போலப் பெயரைப் பற்றும் பெயரெச்சத்திலும் இதே சிக்கல் உண்டு. ‘நேற்று வந்த ராமுவின் தங்கை’ என்றால் வந்தது ராமுவா, தங்கையா? ‘ராமுவின் தங்கை நேற்று வந்தாள்’ என்று தனி வாக்கியமாக்கிவிட்டுக் கதையைத் தொடருங்கள்.

கேள்வி: வினையெச்சங்களை அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பின்னால் காற்புள்ளி வேண்டுமா?

பதில்: முதலில் அத்தனை எச்சம் வேண்டுமா என்று பாருங்கள். ‘எழுந்து, முகம் கழுவி, சட்டையை மாட்டி, செருப்பைத் தேடி, கிடைக்காமல், வெளியே வந்தான்.’ எல்லாச் செயலும் ஒரே கனத்தில் விழுவதால் செருப்பு காணாமல்போனது எடுபடவில்லை. ‘எழுந்து முகம் கழுவிச் சட்டையை மாட்டினான். செருப்பைக் காணோம். வெறுங்காலோடு வெளியே வந்தான்.’ நான்காவது எச்சம் எட்டிப்பார்த்தால் அதற்கு முன் ‘மாட்டினான்’ போல ஒரு வினைமுற்று வைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

திருத்தும்போது அதிகம் தவறுவது சொற்களுக்கு இடையில் மிகும் ஒற்றில்தான். ‘கழுவிச் சட்டையை’ என்று சேர்த்துச் சொன்னால் ‘ச்’ வரும். ‘கழுவி, சட்டையை’ என்று நிறுத்தினால் வராது. ‘கழுவிச், சட்டையை’ என்று இரண்டையும் வைக்காதீர்கள். காற்புள்ளியை எடுத்த இடத்தில் ஒற்று விடுபட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று: ‘பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பஸ் போய்விட்டது.’ கிளம்பியது ஆள், போனது பஸ்; எழுவாய் நடுவில் மாறிவிட்டது. இந்தப் பிழையைக் காற்புள்ளி சரிசெய்யாது. ‘கிளம்புவதற்குள் பஸ் போய்விட்டது’ என்று எச்சத்தையே மாற்ற வேண்டும். ஆனால் ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ போல முதல் வினை அடுத்ததற்குக் காரணமாகும்போது எழுவாய் மாறுவதை மரபு ஏற்கிறது.

கேள்வி: ‘உப்பு, புளி, மிளகாய், ஆகியவற்றை’ என்பது சரியா?

பதில்: ‘ஆகியவற்றை’க்கு முன்னால் காற்புள்ளி வராது. ‘உப்பும் புளியும் மிளகாயும்’ என்று எழுதினால் எங்கேயும் வேண்டாம், உம்மையே இணைத்துவிடுகிறது.

கேள்வி: உரையாடலில் ‘என்றான்’ என்பதற்கு முன்னால்?

பதில்: “போகலாம்” என்றான் என்பதே போதும், பேச்சு முடிந்ததை மேற்கோள்குறியும் ‘என்றான்’ என்ற சொல்லும் காட்டிவிடுகின்றன. “போகலாம்,” என்றான் என அச்சிடுபவர்களும் உண்டு. ஏதாவது ஒன்றைக் கதை முழுக்கக் கடைப்பிடியுங்கள். கேள்விக்குறிக்கும் வியப்புக்குறிக்கும் பின்னால் மட்டும் காற்புள்ளி வேண்டாம்.

பேச்சுக்குள்ளே விளிக்கு, அதாவது ஒருவரை அழைக்கும் சொல்லுக்கு, பின் கட்டாயம் போடுங்கள். “அம்மா வந்தாச்சா?” என்றால் வேறு யாரிடமோ அம்மாவைப் பற்றிக் கேட்பது. “அம்மா, வந்தாச்சா?” என்றால் அம்மாவிடமே கேட்பது.