இரு, வாறன்

அன்புள்ள அண்ணா,

எங்கள் ஜிம்மிக்குப் பதின்மூன்று வயது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். ஐந்து நாளாக வாயில் ஒன்றும் வைக்கவில்லை. நான்தான் சிரிஞ்சில் சூப் எடுத்து வாய்க்குள் விடுகிறேன். வலிக்கும் என்று பனடோலும் கரைத்துக் கொடுத்தேன். ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் டொக்டர். அது கொலைப் பாவம், தருமரோடு சொர்க்க வாசல் வரை போனதும் ஒரு நாய்தானே என்கிறா அம்மா. இவர் புதுக் குட்டி ஒன்று வாங்கலாம் என்கிறார். ஊசி போடுவது சரியா, பிழையா? பிறகு கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் ஏதாவது செய்ய வேண்டுமா? போடுவதென்றால் இவரை நிற்கச் சொல்லிவிட்டு நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். என்னால் பார்க்க முடியாது.

ஒரு வாசகி, உப்புவெளி

தங்கச்சிக்கு,

முதலில் அந்தப் பனடோலைத் தூக்கி அலுமாரிக்குள் வையுங்கள். நமக்குக் காய்ச்சலுக்குப் போடுகிற குளிசை நாயின் ஈரலைக் கெடுக்கும். பூனையென்றால் ஒன்றே போதும், முடித்துவிடும். படிப்பிக்கிற பிள்ளை நீங்கள், டொக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சிரிஞ்சையும் விடுங்கள். ஜிம்மி கோபத்தில் சாப்பிடாமல் இருக்கவில்லை. சிறுநீரகம் வடிக்க வேண்டிய கழிவெல்லாம் இரத்தத்தில் நிற்கிறது. அதனால் ஓங்காளம், வாய்ப்புண். கிட்டப்போனால் வாயில் மூத்திர நெடி அடிக்குமே, கவனித்தீர்களா? அந்த வாய்க்குள்தான் சூப் ஊற்றுகிறீர்கள். உதட்டை நனைத்துவிட்டால் போதும்.

முன்பே கண்டுபிடிக்கவில்லையே என்று அழவும் வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு பழுதாகும் வரை சிறுநீரகம் வெளியே ஒன்றும் காட்டாது.

தருமரின் நாயை அம்மாவிடமே விட்டுவிடுங்கள். அது கடைசியில் தருமதேவதை என்று தெரியவந்த நாய். உங்கள் ஜிம்மி நாய்தான், செருப்புக் கடித்த நாய். குட்டி வாங்குகிற கதையை வீட்டுக்காரர் ஆறு மாதத்துக்கு எடுக்கக் கூடாது. கன்னியாவில் இராவணன் தாய்க்குக் கடன் கழித்தான் என்கிறோம், செத்தவர்களின் முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு நாமும் போகிறோம். ஜிம்மிக்காகப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்துவிட்டு வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் சம்பூர். 2006 ஏப்ரல் கடைசியில் விமானம் வந்து குண்டு போட்டபோது ஊரோடு வெளிக்கிட்டோம். மாட்டை அவிழ்த்துவிட்டேன். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டேன். வீரன் என்று ஒரு நாய், செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். மனுசியும் பிள்ளைகளும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிவிட்டார்கள். இடமில்லை. இடம் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. வீரன் படலை வரை ஓடி வந்தது. நான் திரும்பி, தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது சொல்வதையே சொன்னேன். "இரு, வாறன்."

அது இருந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு அது அப்படித்தான். முன்னங்காலை நீட்டி, படலைக்குக் குறுக்கே படுத்து, நான் வரும் வரை அசையாது. அடுத்த நாள் மாட்டைத் தேடி ஊருக்குள் போய் வந்த ஒருவர் ஈச்சிலம்பற்றில் என்னைக் கண்டு சொன்னார்: "உன்ரை நாய் படலையிலையே கிடக்குது, கூப்பிட்டனான், வரேல்லை."

நாங்கள் வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து கிளிவெட்டி முகாமுக்கு வந்து சேர்ந்தோம். கடற்படை வைத்திருந்த காணியை 2016 மார்ச்சில்தான் விட்டார்கள். போய்ப் பார்த்தால் வீடு இல்லை, பற்றைதான். கிணற்றை வைத்து வளவை மட்டுக்கட்டினேன். அப்புறம் படலை நின்ற இடத்தை எட்டி அளந்து பார்த்தேன். பத்து வருடம் கழித்து நாயை யார் தேடுவான்? நான் தேடினேன்.

போறன் என்று சொல்லாதே, வாறன் என்று சொல் என்றுதான் நம்மை வளர்த்தார்கள். நல்ல பழக்கம்தான், மனிதருக்குள். வீரனுக்கு நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நாலு ஏச்சு ஏசிக் கல்லால் எறிந்திருந்தால் எங்கேயாவது ஓடித் தப்பியிருக்கும்.

எனக்கு விமானம் இருந்தது, ஷெல் இருந்தது. உங்களுக்கு என்ன இருக்கிறது, மூன்றாம் பாடவேளையா? லீவு போடுங்கள். இல்லாவிட்டால் ஊசி போடுகிற அன்று காலையில் சேலை உடுத்து, பையைத் தூக்கிக்கொண்டு, ஜிம்மியின் தலையைத் தடவி "வாறன்" என்றுதான் வெளிக்கிடுவீர்கள். வேறெதைச் சொல்ல வாய் வரும்? அதுவும் நம்பிக்கொண்டு கிடக்கும். பார்க்க முடியாது என்றால் பார்க்காதீர்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கை அதன் மேல் இருக்கட்டும். கண்ணும் காதும் மங்கிய கிழட்டு நாய் மூக்கால்தான் ஆளை அறியும். உங்கள் மணம் அந்த அறையில் இருக்க வேண்டும். கணவர் நல்லவராக இருக்கலாம். சோறு வைத்தது நீங்கள்.

முகாமில் எங்கள் தறப்பாள் கொட்டிலுக்குள் தானாக வந்து படுத்த குட்டி கறுப்பி. எங்களோடு சம்பூர் வந்தது. அதற்கும் இதே வருத்தம். டொக்டர் மூதூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். துவைக்காத என் சாரத்தை மாமரத்தின் கீழே விரித்து அதில் கிடத்தினேன். முதலில் தொடையில் ஒரு ஊசி. பத்து நிமிடத்தில் தலை பாரமாகி என் முழங்காலில் சாய்ந்தது. பிறகு முன்னங்காலில் கொஞ்சம் மயிரை வழித்து, நரம்பில் இரண்டாவது ஊசி. அதுவும் மயக்க மருந்துதான், அளவு மட்டும் கூட. மூச்சு நின்றது, அப்புறம் நெஞ்சு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கண் மூடாது, பயப்படாதீர்கள். நின்ற பிறகும் ஒரு தரம் மூச்சு இழுக்கும், தோல் துடிக்கும், சலம் போகும். உயிர் திரும்பியது என்று டொக்டரைப் பிடித்து உலுக்க வேண்டாம். நான் உலுக்கினேன்.

நான் அதற்குச் சொன்னது "இஞ்சைதான் இருக்கிறன்" என்பதை மட்டும். பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். டொக்டர் காது கேட்காத மாதிரிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஊசி சரியா பிழையா என்று கேட்டிருந்தீர்கள். சரிதான், தள்ளிப் போடாதீர்கள்.

குழியை முதல் நாளே வெட்டச் சொல்லுங்கள். உப்புவெளி மணல், அரை முழத்தில் புதைத்தால் தெருநாய் கிண்டிவிடும். அந்த மருந்து உடம்பில் அப்படியே நிற்கும், தின்கிற நாயும் சாகும். இடுப்பளவு ஆழம் வேண்டும், மேலே கல்லு வையுங்கள். டொக்டரை வீட்டுக்கே வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வருவதென்றால் எத்தனை மணிக்கு என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.