மதுரைப் பக்கம் உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கூடம் கட்டுகிறோம், பின்னால் மாற்றிக்கொள்கிற மாதிரி எப்படித் திட்டமிடுவது?

திருமங்கலம் பக்கம் இடம் இருக்கிறது, மூன்று மாடி, எந்தத் துறை ஆய்வு வரும் என்று இன்னும் முடிவாகவில்லை, அதனால் நகர்த்தக்கூடிய மேசைகளாகவே வாங்கிவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மேசையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கான்கிரீட் போட்ட பிறகு கை வைக்க முடியாதவை நாலு இருக்கின்றன: மாடி உயரம், தூண் இடைவெளி, குழாயும் காற்று போகிற டக்டும் மேலேறுகிற ஷாஃப்ட், கழிவுநீர் போகிற வழி. காசை அங்கே போடுங்கள், சுவரெல்லாம் அப்புறம்.

நான் ஏசி, பிளம்பிங், மின்சாரம் என்று கட்டடத்தின் உள்வேலைகளைத் திட்டமிடுகிறவன். 2020இல் கொரோனா பரிசோதனைக்காக ஒரு கல்லூரியின் பழைய ஆய்வகத்தை மாற்றித் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆர்டி-பிசிஆர் என்கிற அந்தப் பரிசோதனைக்கு மாதிரியைத் திறக்கும் இடம், ஆர்என்ஏ பிரிக்கும் இடம், கலவை சேர்க்கும் இடம், மெஷின் ஓடும் இடம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். அலுமினியத் தடுப்பு அடித்து அறை பிரிப்பது சுலபமாக முடிந்துவிட்டது. ஆனால் மாதிரியைத் திறக்கும் அறையின் காற்றை மொட்டை மாடிக்குக் கொண்டுபோக வழியே இல்லை. மாடி உயரம் பத்தரை அடி, அதில் பீம் இரண்டடி இறங்கி நிற்கிறது, ஷாஃப்ட் என்று இருந்ததில் கழிப்பறைக் குழாய்க்குத்தான் இடம். கடைசியில் ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி, அந்த வழியாக டக்டை வெளியே எடுத்து, வெளிச்சுவரில் கிளாம்ப் அடித்து மேலே ஏற்றினோம். அந்தக் கட்டடத்தில் நல்ல மேசைகள் இருந்தன, ஒன்றும் உதவவில்லை.

அதனால் தளத்துக்குத் தளம் 15 அடி கேளுங்கள். ஆள் புழங்க ஒன்பதடி, பீமுக்கு இரண்டடி, மீதி டக்டுக்கும் குழாய்க்கும் கேபிள் டிரேக்கும். தூணை 22 அடிக்கு ஒன்றாக வைத்தால் நடுவில் 11 அடி அகலத்தில் இரண்டு அறை சரியாக உட்காரும். இரண்டு பக்கமும் இரண்டரை அடி மேசை, நடுவில் முதுகு உரசாமல் இரண்டு பேர் வேலை செய்ய ஐந்தடி, மிச்சம் தடுப்புச் சுவருக்கு, அதுதான் 11 அடிக் கணக்கு. விளக்கு, மின்சாரம், ஏசி வாய் எல்லாம் இதே அளவில் திரும்பத் திரும்ப வரட்டும். எந்தக் கோட்டில் வேண்டுமானாலும் சுவரை வைக்கலாம், எடுக்கலாம்.

இதற்குப் பெரிய முன்மாதிரி அமெரிக்காவில் லா ஹோயாவில் இருக்கும் சால்க் ஆய்வு நிறுவனம். போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க்குக்காக கட்டடக் கலைஞர் லூயி கான் கட்டியது, 1965இல் முடிந்தது. அதற்கு முன்னால் பிலடெல்பியாவில் அவரே கட்டிய ரிச்சர்ட்ஸ் ஆய்வகத்தில் சின்னச் சின்னக் கோபுர அறைகளில் விஞ்ஞானிகள் இடநெருக்கடியில் தவித்தார்கள், வெயில் தாங்காமல் ஜன்னலை மறைத்துக்கொண்டார்கள். சால்க்கில் அவர் நடுவில் தூணே இல்லாமல் 65 அடி அகலம், 245 அடி நீளத்துக்கு ஆய்வகத்தைத் திறந்துவிட்டு, ஒவ்வோர் ஆய்வகத் தளத்துக்கு மேலும் ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில், குழாய்களுக்கென்றே ஒரு தளம் வைத்தார். கீழே ஆய்வு நடந்துகொண்டே இருக்கும், மேலே பிளம்பர் வேலை செய்வார். நம் பட்ஜெட்டில் முழுத் தளம் கட்டுப்படியாகாது. கட்டடத்தின் இரண்டு முனையிலும், வராந்தாப் பக்கம் கதவு வைத்து, ஆள் உள்ளே நின்று வேலை பார்க்கிற மாதிரி பெரிய ஷாஃப்ட் வைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாகவே விடுங்கள். காலி இடம் எதற்கு என்று கமிட்டியில் கட்டாயம் கேட்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கழுவுகிற தொட்டி, அதாவது சிங்க்தான் நகர மறுக்கிற சாமான். மின்சாரம், கேஸ், டேட்டா எல்லாம் மேலிருந்து தொங்கவிட்டு எங்கேயும் சொருகலாம், கழிவுநீருக்குச் சாய்வு வேண்டும். தொட்டிகளை வெளிச்சுவர் ஓரமும் தூண் வரிசையிலும் மட்டும் வைத்து, ஒவ்வொரு தூணருகேயும் மூடி போட்ட கழிவுக்குழாய் ஒன்றை இப்போதே விட்டுவையுங்கள். பின்னால் ஸ்லாபில் கோர் கட்டிங் மெஷினால் ஓட்டை போட்டால் அந்தச் சேற்றுத் தண்ணீர் நேராகக் கீழ்மாடி ஆய்வகத்தில் சொட்டும்.

காற்றுதான் மாதாமாதம் பில்லில் தெரியும். ரசாயனம் புழங்கும் ஆய்வகத்தின் காற்றைத் திரும்பச் சுற்றவிடக் கூடாது, முழுக்க வெளிக்காற்று; மே மாதம் மதுரையில் அது 40 டிகிரியில் உள்ளே வரும். எழுதும் மேசை, கூட்ட அறைகளையெல்லாம் தனிப் பக்கம் ஒதுக்கி அவற்றுக்குச் சாதா ஏசி போடுங்கள். ஃப்யூம் ஹூட், அதாவது ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டின் புகைபோக்கி மொட்டை மாடித் தரையிலிருந்து பத்தடியாவது உயர வேண்டும். ஆடிக் காற்று மேற்கே இருந்து, ஐப்பசியில் வடகிழக்கே இருந்து. அதனால் அந்தப் புகை திரும்ப உள்ளே வராமல் இருக்க, ஒரு திசையை மட்டும் பார்த்து வெளிக்காற்று எடுக்கும் வாயை வைக்காதீர்கள். மாதிரிகளை வைக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்களையெல்லாம் ஓர் அறையில் சேர்த்து, அதற்குத் தனிக் குளிர்ச்சியும் ஜெனரேட்டர் இணைப்பும் கொடுங்கள். ஃப்ரீசர் ஒன்று ஒரு நாளில் இழுக்கிற 10, 20 யூனிட்டும் அந்த அறையிலேயே சூடாக இறங்கும்.

எல்லா அறையும் எல்லாமும் ஆக வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். பிஎஸ்எல்-3, அதாவது ஆபத்தான கிருமிகளைக் கையாளும் உயர்பாதுகாப்பு ஆய்வகம் வரலாம் என்று தோன்றினால் ஒரு முனையை மட்டும் அதற்கு ஒதுக்கி, தனி ஷாஃப்ட் விடுங்கள். கொசு வளர்ப்பு அறை 27 டிகிரி சூட்டையும் நிறைய ஈரப்பதத்தையும் கேட்கும், அதையும் ஓரமாகத் தள்ளுங்கள். அதிர்வு தாங்காத மைக்ரோஸ்கோப்புகளைத் தரைத்தளத்தில், லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் தள்ளி வையுங்கள். உங்கள் பக்கம் கரிசல் மண். மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கும். அந்தத் தரைக்கு அடியில் மண்ணை எடுத்துவிட்டுக் கிராவல் போட்டு இறுக்குவதா, தரையையும் பீம் மேல் தாங்குவதா என்று மண் பரிசோதனை பார்த்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் முடிவு சொல்லட்டும்.

பணம் இடித்தால் உயரத்தைக் குறைக்காதீர்கள். மூன்றாவது மாடியைச் சுவர், ஏசி எதுவும் இல்லாமல் ஸ்லாப், ஷாஃப்ட், மூடிய குழாய் முனைகளோடு அப்படியே விடலாம், ஆய்வுக்குழு வரும்போது முடித்துக்கொள்ளலாம். ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன்னால் ஒவ்வோர் அறையின் மேல்பக்கத்தையும் போட்டோ எடுத்து, அறை எண் போட்டு, பராமரிப்புப் பிரிவில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.