பீர் பாட்டிலில் பிடித்த மழை

அன்புள்ள ஐயா,

12,900 ஆண்டுகளுக்கு முன் பூமியின் வடபகுதி திடீரென்று குளிர்ந்ததாகவும், பிறகு கிரீன்லாந்தில் சில பத்தாண்டுகளிலேயே சுமார் 10 டிகிரி சூடேறியதாகவும் படித்தேன். அப்போது தொழிற்சாலையும் இல்லை, காரும் இல்லை. இன்றைய ஒன்றரை டிகிரி வெப்ப உயர்வுக்கு இத்தனை கூச்சல் தேவையா? வால்மீன் மோதியதால்தான் அந்தக் குளிர் வந்ததாமே, உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வால்மீனை விட்டுத்தள்ளுங்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. பனிப்பாறைகள் உருகிய நன்னீர் வட அட்லாண்டிக்கில் கலந்து, வெப்பத்தை வடக்கே சுமந்து செல்லும் நீரோட்டத்தைத் தளர்த்தியது என்பதே பரவலான விளக்கம்.

என்னைப் பிடித்துக்கொண்டது உங்கள் '10 டிகிரி'. கொஞ்ச நாளாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? 1952-இல் கோபன்ஹேகனில் வில்லி டான்ஸ்கார்ட் என்ற டென்மார்க் விஞ்ஞானி தன் வீட்டுப் புல்தரையில் ஒரு பீர் பாட்டிலை வைத்து, அதன் வாயில் புனலைச் செருகி மழைநீர் பிடித்தார். நீரிலுள்ள கனமான ஆக்சிஜனின் அளவு மேகத்தின் குளிருக்கேற்ப மாறுவதைக் கண்டார். சரி, பழைய மழைக்கு எங்கே போவது? கிரீன்லாந்தில் அது பனியாக அடுக்கடுக்காகக் கிடந்தது. 1966-இல் அமெரிக்க ராணுவ முகாமான கேம்ப் செஞ்சுரியில் 1,387 மீட்டர் ஆழம்வரை துளையிட்டு, உருளை உருளையாக எடுத்த பனியை அவர் ஆராய்ந்தார். வெப்பநிலை அதில் தாவித் தாவி ஏறி இறங்கியிருந்தது.

உடனே நம்பிவிட்டார்களா? இல்லை. அடிப்பாறைக்கு அருகே பனி மடிந்து கலைந்திருக்கலாம் என்றார்கள். வேறோர் இடத்தில் துளையிட்டார்கள், அதே தாவல்கள். அப்போதும் சந்தேகம் முழுக்கத் தீரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பனிப்பரப்பின் உச்சியில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் இடைவெளியில், ஐரோப்பியர்கள் ஒன்றும் அமெரிக்கர்கள் ஒன்றுமாக மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டார்கள். அடிமட்டம் நீங்கலாக இரண்டும் ஒத்துப்போயின. அதற்குப் பிறகுதான் வாயடைத்தது.

பாட்டிலிலிருந்து அதுவரை நாற்பது ஆண்டுகள்! அவர்கள் தங்களையே சந்தேகித்துச் சந்தேகித்துச் சேர்த்த எண்ணை நீங்கள் ஒரே வரியில் எடுத்துக்கொள்கிறீர்கள்; அதைக் கண்டு அவர்கள் ஏன் கலங்கினார்கள் என்பது மட்டும் உங்களுக்கு வேண்டாம். அந்த 10 டிகிரி கிரீன்லாந்துக்கு உரியது, ஒன்றரை டிகிரி உலகச் சராசரி. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம்? தானாகவே இப்படிக் குப்புற விழக்கூடிய பருவநிலையை நாம் வேறு பிடித்துத் தள்ளுகிறோம் என்பதில் உங்களுக்கு எப்படி ஆறுதல் கிடைக்கிறது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்கறை இருப்பதால்தானே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த கடிதத்தில், கிரீன்லாந்தில் இப்போது உருகும் நீர் எந்தக் கடலில் கலக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.