டிவி வேலைக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: அருப்புக்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்து டிவியில் செய்தி வாசிக்கப் போகிறேன் என்கிறாள். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் விசாரித்தோம். அவர்கள் சொல்லும் தொகைக்கு இருக்கிற நகையை எல்லாம் அடகு வைத்தாலும் போதாது. என் கொழுந்தனாரோ, “டிவியை இப்ப யாரு பாக்குறா? எல்லாம் போன்தான். செத்துப்போன தொழிலுக்கு ஒரு படிப்பா?” என்கிறார். ராத்திரி வேலை எல்லாம் இருக்குமாமே, பெண் பிள்ளை தாக்குப்பிடிப்பாளா என்றும் பயமாக இருக்கிறது. படிக்க வைக்கலாமா? எங்கே படிக்க வைப்பது?

பின்குறிப்பு: எங்கள் தெருப் பொங்கல் விளையாட்டுப் போட்டியை அவளே போனில் படம்பிடித்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெட்டி ஒட்டி, பாட்டு சேர்த்து, விடிவதற்குள் தெருவுக்கே அனுப்பிவிட்டாள். தூங்கச் சொன்னால் கேட்கவில்லை.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது பின்குறிப்புதான். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் கொழுந்தனாருக்குப் பதில் சொல்லிவிடலாம், இல்லையென்றால் அவர் விடமாட்டார்.

அவர் சொல்வதில் பாதி சரி. விளம்பரப் பணம் போன் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. இருபது வயதுப் பிள்ளைகள் எட்டு மணி ஆனதும் டிவி முன்னால் வந்து உட்காருவதில்லை. ஆனால் டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் ‘பார்க்’ அமைப்பின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் டிவி இருக்கும் வீடுகள் 21 கோடி. அப்புறம், அவர் போனில் எதைப் பார்க்கிறார் என்று ஒரு நாள் எட்டிப் பாருங்கள். நேற்றைய விவாதத்தில் யார் யாரைத் திட்டினார் என்ற துண்டு, சீரியலின் நாளைய புரொமோ, பாட்டுப் போட்டியில் ஒரு குழந்தை அழுத காட்சி. இதெல்லாம் டிவி நிலையத்தில் சமைத்ததுதான். தட்டு மட்டும் மாறியிருக்கிறது.

இந்தத் தொழிலுக்குச் சாவு மணி அடிப்பது புதிதும் அல்ல. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒளியும்’ நேரத்தில் தெரு காலியாக இருந்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கலாம். 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்தபோது, இனி தூர்தர்ஷனை யார் பார்ப்பார்கள் என்றார்கள். அது பொதிகையாகி, 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறி, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை செய்திச் சேனல் வந்தது. அதற்கடுத்த சில வருடங்களில் வரிசையாகச் செய்திச் சேனல்கள் முளைத்தன. ஆள் கிடைக்காமல் அலைந்த காலம் அது. பிறகு ஆள் குறைப்புக் காலமும் வந்தது. இரண்டையும் நான் உள்ளே இருந்து பார்த்தேன். ஆகவே தொழில் செத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நிம்மதியான தொழில் என்றும் சொல்லமாட்டேன்.

ஏன் நிம்மதி இல்லை என்றால், வியாழக்கிழமை. டிஆர்பி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், எந்தச் சேனலை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு. நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த சில பத்தாயிரம் வீடுகளில் ‘பார்க்’ ஒரு மீட்டர் வைத்திருக்கிறது. ஒவ்வொரு சேனலின் ஒலியிலும் காதுக்குக் கேட்காத ஒரு அடையாளம் கலந்திருக்கும். மீட்டர் அதைப் பிடித்து, எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு பட்டன். அந்தக் கணக்கு வாராவாரம் வியாழக்கிழமை வரும். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக் கூடாது என்பது விதி. அதிலும் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. ஆக, விற்பதற்கு இருக்கும் சரக்கு இவ்வளவுதான், அதன் விலையைத் தீர்மானிப்பது வியாழக்கிழமை. புதன்கிழமை மாலை எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரோடும் சத்தம் போட்டுச் சிரிக்க மாட்டோம். 2020 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை செய்திச் சேனல்களுக்கு இந்தக் கணக்கே வெளிவரவில்லை. நிறையப் பேருக்கு அந்த மாதங்களில் நன்றாகத் தூக்கம் வந்தது என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் மகளின் ஆசைக்கு வருவோம். செய்தி வாசிக்க வேண்டும் என்கிறாள். டிவியில் வெளியே தெரிகிற வேலை அது ஒன்றுதான், அதனால் பிள்ளைகள் அதைச் சொல்வது இயல்பு. உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

எட்டு மணிச் செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் வாசிப்பவர் ஒருவர், கேமராவோடு இரண்டு மூன்று பேர். சுவருக்கு அந்தப் பக்கம் பிசிஆர் என்று ஒரு அறை. இருட்டாக, ஏசி குளிரில் விறைத்துப்போகும் அறை. எதிரே சுவர் முழுக்கத் திரைகள். நடுவில் உட்கார்ந்து எல்லோருக்கும் உத்தரவு கொடுப்பவர் பேனல் புரொடியூசர். பக்கத்தில் எந்தப் படம் திரைக்குப் போக வேண்டும் என்று மாற்றிவிடும் ஸ்விட்சர் பார்ப்பவர், ஒலி பார்ப்பவர், வாசிப்பவர் முன்னால் எழுத்து ஓட்டும் ப்ராம்ப்டர்காரர், திரையின் கீழே பெயரும் வரியும் போடும் கிராபிக்ஸ் ஆள். எல்லோர் கையிலும் ரன்டவுன் என்கிற பட்டியல். எந்தச் செய்தி, எத்தனை நொடி, வாசிப்பா, பைட்டா (ஒருவர் பேசிய துண்டா), நேரலையா என்று அதில் இருக்கும். நேரலை செயற்கைக்கோள் வழியாக வந்தால் 36,000 கிலோமீட்டர் மேலே போய்க் கீழே வருகிறது. அதனால்தான் கேள்வி கேட்டதும் நிருபர் ஒரு கணம் முழித்துக்கொண்டு நிற்பார். அவருக்குப் பதில் தெரியாமல் இல்லை, கேள்வியே இன்னும் போய்ச் சேரவில்லை.

நான் பதினொரு வருடம் அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள், முதல் செய்திக்கான நேரலை, வாசிப்பவர் “இணைப்பில் இருக்கிறார்” என்று சொல்லி முடிக்கும்போது அறுந்துபோனது. அடுத்த செய்திக்கான வீடியோ எடிட்டிங்கிலிருந்து இன்னும் வரவில்லை. நான் மைக்கில் வாசிப்பவரிடம், “நாற்பது நொடி பேசும்மா” என்றேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், முன்தினம் நடந்ததில் தொடங்கி ஐம்பது நொடி பேசினார். கையில் தாள் இல்லை, ப்ராம்ப்டரில் எழுத்து இல்லை. காலையில் நான்கு பத்திரிகை படிக்கிற பழக்கம் இருந்தது, அவ்வளவுதான். அதே நேரத்தில் மாடியிலிருந்து ஒரு எடிட்டர் பெண் வீடியோவை முடித்து அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கக் கீழே ஓடிவந்து கதவருகே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பார்த்தவர்களுக்கு வாசித்தவரைத் தெரியும். எடிட்டரை யாருக்கும் தெரியாது.

உங்கள் மகள் அந்த எடிட்டர் பெண்ணாக இருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம். தூங்காமல் உட்கார்ந்து, விடிவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லையே! அந்தத் தவிப்புதான் இந்தத் தொழில் கேட்பது. செய்தி வாசிக்கும் ஆசையைக் கெடுக்க வேண்டாம். ஆனால் ஒரு சேனலில் வாசிப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். டெஸ்க்கில் எழுதுபவர்கள், எடிட்டர்கள், புரொடியூசர்கள், தொழில்நுட்ப ஆட்கள் எல்லாம் அதைப் போலப் பல மடங்கு. சேனலுக்கு வெளியே, சீரியல் எடுக்கும் பக்கமும் இருக்கிறது. வாரத்துக்கு ஐந்தாறு எபிசோடு கொடுத்தாக வேண்டும் என்பதால் அங்கே கதைக்கு ஒருவர், திரைக்கதைக்கு ஒருவர், வசனத்துக்கு ஒருவர். சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் ஏதாவது ஒரு பங்களாவில் காலையிலிருந்து படப்பிடிப்பு நடக்கும். உடம்பை முறிக்கும் வேலை, ஆனால் அங்கே வேலை கற்றவர்களுக்கு வேகம் வந்துவிடும்.

சரி, எங்கே படிப்பது? அந்தத் தனியார் கல்லூரிக்காக நகையை அடகு வைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். விஸ்காம் பட்டம் இருந்தால்தான் டிவிக்குள் விடுவார்கள் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் தமிழ் இலக்கியம் படித்தவர், இயற்பியல் படித்தவர், ஒரு கால்நடை மருத்துவர்கூட உண்டு. முதல் சில வருடங்களுக்குச் சம்பளம் குறைவு. ஐடி கம்பெனிக்குப் போன தோழியோடு ஒப்பிட்டால் அழுகை வரும். அந்தச் சம்பளத்தில் பெரிய கடனை அடைக்க முடியாது. அப்புறம் கடனுக்காகவே பிடிக்காத வேலையில் கிடக்க வேண்டிவரும்.

முதலில் பார்க்க வேண்டியது சென்னை தரமணியில் இருக்கும் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். நான்கு வருட இளங்கலைப் படிப்பு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் என்று தனித்தனிப் பிரிவுகள். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. இடங்களும் குறைவு, போட்டி அதிகம். சில பிரிவுகளுக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும் என்பார்கள். மகள் என்ன குரூப் என்று நீங்கள் எழுதவில்லை. அது கிடைக்கவில்லையா, மதுரைப் பக்கம் கட்டணம் குறைந்த கல்லூரியில் விஸ்காமோ இதழியலோ, அதுவும் இல்லையென்றால் தமிழோ வரலாறோ படிக்கட்டும். பட்டம் வாங்கிய பிறகு புனே திரைப்படக் கல்லூரியின் தொலைக்காட்சிப் பிரிவுக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். செய்திதான் வேண்டும் என்றால் சென்னையிலேயே ஆசியன் இதழியல் கல்லூரி இருக்கிறது. அங்கே செலவு கூடுதல், ஆங்கிலமும் வேண்டும். அதை எல்லாம் மூன்று வருடம் கழித்து யோசிக்கலாம்.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும், “கேமராவை மாணவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தொடுவார்கள்? எடிட்டிங் அறையைச் சாயங்காலம் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். முதல்வரிடம் கேட்க வேண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவியைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள். ஸ்டூடியோவைக் காட்டச் சொல்லுங்கள். கேமரா மேல் துணி போட்டு, துணி மேல் தூசி படிந்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

“இது ஒரு படிப்பா?” என்று கொழுந்தனார் கேட்டாரே, அதற்கு ஒரு விஷயம். 1975–76-இல் அமெரிக்காவிடமிருந்து ஒரு செயற்கைக்கோளை ஒரு வருடத்துக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு இந்தியா நேரடியாக டிவி காட்டியது. விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம். ‘சைட்’ என்று பெயர். டிவி வந்த கிராமத்தில் என்ன மாறுகிறது, யார் முன்வரிசையில் உட்காருகிறார்கள், யார் வரவே இல்லை என்று பார்ப்பதற்கு ஆய்வாளர்கள் கிராமங்களிலேயே தங்கினார்கள். விஸ்காம் வகுப்பில் அதைப் படிக்கும்போது, டிவி என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று அவளுக்கே புரியும். 2019-இல் நம் மாநிலத்தில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கினார்களே, அதன் வேரைத் தேடினால் அங்கேதான் போய் நிற்கும்.

ராத்திரி வேலை உண்டு. மறைக்க மாட்டேன். காலை ஆறு மணிச் செய்திக்கு அதிகாலை மூன்று மணிக்கே வந்து உட்கார வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது நாங்கள் அலுவலகத்தில் இருப்போம். நல்ல நிறுவனங்களில் வண்டி வரும், வீட்டு வாசலில் இறக்கிவிடும். வேலையில் சேரும்முன் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பெண்களின் பாலியல் புகார்களை விசாரிக்கக் குழு இருக்க வேண்டும் என்று 2013-லிருந்து சட்டம் இருக்கிறது. குழு இருக்கிறதா, அதன் தலைவி யார் என்று முதல் நாளே அவள் தெரிந்துகொள்ளட்டும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அந்தக் குழு நோட்டீஸ் போர்டில் மட்டுமே இருந்தது. ஆறு மாதத்தில் விலகினேன், வேறு இடத்தில் நன்றாகவே இருந்தேன். தாக்குப்பிடிப்பாளா என்று கேட்டீர்கள். விடிய விடிய வேலை பார்க்கிற பெண்ணைப் பற்றி அவள் அம்மாவே கேட்கிற கேள்வியா இது!

கல்லூரி திறப்பதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஊரிலோ விருதுநகரிலோ கேபிள்காரர்கள் நடத்தும் உள்ளூர் சேனல் ஏதாவது இருக்கும். திருவிழா, பள்ளி ஆண்டு விழா, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் போடுவார்களே, அதுதான். இரண்டு அறையும் ஒரு ஏசியும் இருக்கும். அவர்களிடம் பேசி, பத்து நாள் மகளை அங்கே உட்காரவிடுங்கள், சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். தினமும் ஒரு பக்கச் செய்தியைச் சத்தமாக வாசித்து, போனில் பதிவு செய்து, ல, ள, ழ மூன்றும் சரியாக விழுகிறதா என்று அவளே கேட்கட்டும். வாசிக்கப் போனாலும் உதவும், டெஸ்க்குக்குப் போனாலும் உதவும். திரையின் கீழே ஓடும் வரியில் ‘வாழ்த்து’ ‘வாழ்து’ ஆகிப் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எதைப் பற்றி முதலில் பேசுகிறாள் என்று கவனியுங்கள், அந்த அறையைப் பற்றியா, கேமரா முன்னால் நின்றதைப் பற்றியா என்று. பத்தாவது நாள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பிளஸ் டூவில் என்ன குரூப் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தரமணி விண்ணப்ப அறிவிப்பு தேர்வு முடிவுகளை ஒட்டி வரும், தேதியைத் தவறவிட வேண்டாம்.